ஷாகிரும் மூன்றாம் நிலவறையும்

நிலவறையைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டை முடித்து, முப்பத்தெட்டுப் படி இறங்கி, நனைத்த பாயில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "கோடையில் பூமி நம்மை விருந்தாளியாக ஏற்றுக்கொள்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாயை நனைத்தது யார், தண்ணீர்க் குடத்தை இறக்கியது யார், பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் அத்தனையையும் மறுபடி மேலே ஏற்றியது யார் என்று ஒருவரும் எழுதவில்லை. பூமி ஏற்றுக்கொண்டதாம். என் முழங்காலைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

என்னிடம் நான்கு தடித்த தொகுதிகள் இருக்கின்றன. எங்கள் நஜஃப் ஊரில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகை. யாரோ ஆசையாகத் தைத்துக் கட்டியது. ஜூன் இதழ் என்றால் நிலவறைக் கட்டுரை கட்டாயம் இருக்கும். முதல் அடுக்கில் விருந்தினரை எப்படி உட்கார வைப்பது, இரண்டாம் அடுக்கில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் காற்று வரும், நிலவறைக்குள் நடந்த கவிதைப் போட்டியில் யார் யாரை மடக்கினார், ஈரக் காற்று நெஞ்சுக்கு நல்லதா கெட்டதா என்று இரண்டு வைத்தியர்கள் போட்ட சண்டை, எல்லாம் இருக்கிறது.

அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஓர் இடத்தில் கட்டுரையாளர் சொல்கிறார்: "மூன்றாம் அடுக்கு மனிதர்களுக்கு அல்ல. காடி, ஊறுகாய், பேரீச்சம்பாகு ஆகியவை அங்கே கெடாமல் இருக்கும்." பக்கத்தில் பென்சில் எழுத்து அந்தப் பட்டியலை முடித்து வைத்திருக்கிறது: "ஷாகிர்."

ஷாகிர் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். மின்சார மீட்டர் பார்த்துக் குறிக்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை சந்து சந்தாக நடப்பான். எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டுப் பாட்டி தேநீர் கொடுக்காமல் விடமாட்டாள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நான் கூஃபாவிலிருந்து கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷம் அவனுக்கு இருபத்திரண்டு வயது. மறு வருஷம் போருக்குக் கூட்டிப்போனார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு இலையுதிர் காலத்தில் ஏழு நாள் விடுப்பில் வந்தான். ஆறு நாளும் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே இருந்தான். ஏழாம் நாள் காலை அவன் அம்மா உம்மு ஷாகிர் அவனுடைய ராணுவ பூட்ஸ் இரண்டையும் ரொட்டி அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டார். தெரு முழுக்க ரப்பர் நாற்றம். என் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"உம்மு ஷாகிர், என்னத்தப் போட்டு எரிக்கிற? குடல் வெளிய வந்துடும் போலிருக்கே!"

"பழைய டயரு. ரொட்டி நல்லா வேகும்னு எவனோ சொன்னான். அவன் வாயில மண்ணு விழ!"

பூட்ஸ் இல்லாத சிப்பாய் எங்கே போக முடியும்? தப்பி ஓடியவன் பிடிபட்டால் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள், குடும்பத்தையும் விடமாட்டார்கள். அவனாக முடிவெடுத்தான் என்று நான் நினைக்கவில்லை. அம்மா முடிவெடுத்தார், அவன் நிலவறைக்குள் இறங்கினான். படைப்பிரிவிலிருந்து ஆள் வந்து கேட்டபோது உம்மு ஷாகிர் மாரில் அடித்துக்கொண்டு, "நான் ரொட்டி கட்டி அனுப்பின பிள்ளைய எங்கடா தொலைச்சீங்க?" என்று அவர்கள்மேலேயே பாய்ந்தார். தெருவும் அதை நம்பியது. நானும்தான்.

அந்த வீட்டு நிலவறையில் முதல் அடுக்கு விருந்தினருக்கு. இரண்டாம் அடுக்கில் கிணறு. கிணற்றடிக்குப் பின்னால் காடி ஜாடிகளுக்கு மறைவில் ஒரு பலகை. அதைத் தூக்கினால் மூன்றாம் அடுக்குக்கு இறங்கலாம். இறுகிய மண்ணைக் குடைந்த ஒரு பொந்து அது. கிணற்றுச் சுவரில் அந்த ஆழத்தில் ஒரு ஜன்னல் அளவுத் திறப்பு உண்டு. முலாம்பழத்தைக் குளிரவைக்க வலைப்பையில் இறக்குவோமே, அதே பையில் உம்மு ஷாகிர் ரொட்டியை இறக்குவார். திறப்பிலிருந்து ஒரு கை நீண்டு எடுத்துக்கொள்ளும். மொட்டைமாடியிலிருந்து வரும் காற்றுக் குழாய் வழியாக நடுப்பகலில் மட்டும் உள்ளங்கையளவு வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தில்தான் அவன் அப்பா விட்டுப்போன இந்தத் தொகுதிகளைப் படித்தான்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எங்கள் தெருவிலேயே குளிர்ந்த நிலவறை அவர்களுடையதுதான். இரண்டு காற்றுக் குழாய் உள்ள வீடு அது ஒன்றே. என் மாமியார் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே கோடை நடுப்பகலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு அங்கேதான் போவது. திடீரென்று "இந்த வருஷம் வராதீங்க" என்று சொன்னால் மறுநாளே கேள்வி கிளம்பும், மூன்றாம் நாள் ஆளும் கட்சி அலுவலகத்துக்குப் போய்விடும். அதனால் உம்மு ஷாகிர் கதவைத் திறந்தே வைத்தார். மகன் தலைக்கு மேலே பதினைந்து பெண்களைப் படுக்க வைத்தார்.

நாங்கள் அங்கே என்ன பேசவில்லை! யார் வீட்டில் யார் வாயாடி, யார் புருஷன் கருமி, யாருக்கு மூன்றாவதும் பெண். நான் ஒருநாள் என் மாமியார் வராத தைரியத்தில் அவரைப் பிழிந்து காயப்போட்டேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைய தேதி போட்டு ஷாகிரின் பென்சில் எழுதியிருக்கிறது: "கூஃபாக்காரி இன்று மாமியாரைத் திட்டினாள். நியாயமான திட்டு." இதைப் படித்த அன்று எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்களுக்கு அது ஓய்வு. அவனுக்கு அந்த மூன்று மணி நேரமும் உயிர்ப்பயம். தூங்கினால் குறட்டை வந்துவிடும் என்று நடுப்பகலில் தூங்கவே மாட்டான். இருமல் வந்தால் அடக்க, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. எண்பத்து மூன்றில் ஒருமுறை வீட்டைச் சோதனை போட்டார்கள். பலகையையும் கண்டுபிடித்தார்கள், ஊறுகாய் வைக்கும் பொந்து என்று விட்டுவிட்டார்கள். அவன் திறப்பு வழியாகக் கிணற்றுக்குள் இறங்கி, சுவரில் கால்வைக்கும் குழியில் தொங்கிக்கொண்டிருந்தான். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. "நிலவறையின் ஒரே குறை, அஸர் அழைப்பு வந்ததும் அதைவிட்டுப் போகவேண்டியிருப்பதுதான்" என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த வரியின் கீழ் ஷாகிர் கோடு போட்டிருக்கிறான். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

எண்பத்தைந்து ஜூலையில் உம்மு ஷாகிர் இறந்துபோனார். வெயிலில் வரிசையில் நின்று கோழி வாங்கிக்கொண்டு வந்தார், வாசற்படியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஷாகிரின் அக்கா சப்ரியாவுக்குப் புருஷன் போரில் போய்விட்டதால் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். அவள் கிணற்றுக்குள் குனிந்து, "தம்பி, அம்மா போயிட்டாங்க. சத்தம் போடாத" என்று சொன்னாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டியிருந்தது. ஒரே மகன், பாடையின் முன்கால் அவனுடையது. அதை என் கணவர் தூக்கினார்.

ஆண்களுக்கு மண்டபத்தில் மூன்று நாள் துக்கம் கேட்பு. பெண்களுக்கு வீட்டில். ஜூலை நடுப்பகல் என்பதால் இரண்டாம் அடுக்கில் பாய் விரித்தோம். நாற்பது பெண்களுக்குக் குறையாது. ஓதுகிற முல்லா அம்மா நடுவில். கிணற்றடியில், சாய்ந்துகொள்ள வசதியான இடத்தில், உம்மு கஸ்ஸானை உட்கார வைத்தோம். அவள் புருஷன் எங்கள் வட்டாரத்துக் கட்சிக்காரர். அவர் ஒரு தாள் எழுதினால் ஒரு வீடு காலியாகும். அவர்கள் மகன் கஸ்ஸான் அந்த வசந்தத்தில்தான் சதுப்பு நிலப் போரில் செத்தான். ஆணியடித்த பெட்டி ஒன்று வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரில் தாயை மூத்த மகனின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். பிள்ளை போனாலும் அந்தப் பெயர் போகாது. உம்மு கஸ்ஸான் தேநீர் எடுத்துக்கோங்க, உம்மு கஸ்ஸான் இப்படி நகருங்க என்று ஒவ்வொரு தடவையும் அவள் புண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தோம்.

மூன்றாம் நாள். முல்லா அம்மா அழவைப்பதில் கெட்டிக்காரி. "மகன் வருவான் வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டே போன தாய்க்காக, நபிமேல சலவாத்துச் சொல்லுங்க! இருக்கிற குரல எல்லாம் எடுத்துச் சொல்லுங்க!" என்றார்.

நபியை வாழ்த்தும் அந்த வரியை நாங்கள் சொன்னோம். எங்கள் குரல் அடங்கியது. அடங்கிய பிறகு, அரை மூச்சு பிந்தி, கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல் தொண்டை கிழிய முழுச் சலவாத்தையும் சொல்லி முடித்தது.

நஜஃபில் பிறந்தவனுக்கு மூன்று வயதிலிருந்து பழகின பழக்கம் அது. எங்கே இருந்தாலும், தூக்கத்திலும், அந்த அழைப்பைக் கேட்டால் வாய் திறந்துவிடும். மூன்று வருஷம் இருமலை அடக்கியவனால் இதை அடக்க முடியவில்லை. இருக்கிற குரலை எல்லாம் எடுக்கச் சொன்னார்கள், அவன் அம்மாவுக்காக, எடுத்துவிட்டான்.

என் கையில் தேநீர்த் தட்டு. அதைப் பாயில் இறக்கி வைத்தேன். சப்ரியாவின் முகத்தைப் பார்த்தேன், ரத்தமே இல்லை. நாற்பது பெண்களும் ஒருசேர உம்மு கஸ்ஸானைப் பார்த்தார்கள். அவள் மெதுவாகத் திரும்பிக் கிணற்றுக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எதிரொலி" என்றாள் கடைசியில். "பழைய கிணறு. நிறுத்தாதீங்க முல்லா, ஓதுங்க."

முல்லா அம்மா ஓதினார். பெண் குரலுக்கு ஆண் எதிரொலி வராது என்பது அங்கே இருந்த கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் நாற்பது பேரும் தேநீர் குடித்து, சப்ரியாவின் நெற்றியில் முத்தமிட்டு, வீட்டுக்குப் போனோம். எங்கள் தெருவில் ஒருத்திக்குத் தெரிந்தது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இது மட்டும் வெளியே போகவில்லை. நானும் என் கணவரிடம் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அந்தக் குரல் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவன் ஒருவன் அடைபட்டுக் கிடந்த இடத்தில் அன்றிலிருந்து தெருவே அடைபட்டது.

மறுநாள் நடுப்பகல் நானும் சப்ரியாவும் கீழே குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். உம்மு கஸ்ஸான் தனியாகப் படியிறங்கி வந்தாள். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து உள்ளே குனிந்தாள்.

"நீ யாருன்னு எனக்குத் தெரியும். பேசாத. மேல வராத. நான் கூப்பிடுவேன், நீ 'என்னம்மா'ன்னு சொல்லணும். அது போதும் எனக்கு."

இன்னும் குனிந்தாள்.

"கஸ்ஸான்!" என்று கூப்பிட்டாள். தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரல்.

சத்தமில்லை.

"அவரு ரெண்டு மணிக்குச் சாப்பிட வருவாரு" என்றாள், குரலை உயர்த்தாமல். "சாப்பிடும்போது எல்லாத்தையும் கேப்பாரு. இன்னிக்கு எங்க போனே, என்ன பாத்தேன்னு கேப்பாரு."

சப்ரியா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"கஸ்ஸான்!"

"...என்னம்மா."

உம்மு கஸ்ஸான் கிணற்றுச் சுவரில் தலையை வைத்து அழுதாள். பெட்டி வந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை. புருஷன் பக்கத்தில் நின்றிருந்தார், வீரனின் தாய் அழக்கூடாது. எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் குவளையைக் கழுவினேன்.

அதன் பிறகு மூன்று வருஷம், ஒரு நடுப்பகல் தவறாமல் வந்தாள். முதலில் ஒரு கூப்பாடு, ஒரு பதில். பிறகு, "சாப்பிட்டியாடா?" "சாப்பிட்டேம்மா." பிறகு வீட்டுச் சேதி எல்லாம்.

"உன் தங்கச்சிக்குப் பேசி முடிச்சாச்சு. மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் பெருசு."

"பரவால்லம்மா. அவ பேசுறதுக்கெல்லாம் பெரிய காது வேணும்."

சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, "அந்த சைக்கிள எதுக்குடா என்னைக் கேக்காம வித்தே?" என்று கோபப்பட்டாள். கஸ்ஸான் பதினாறு வயதில் செய்த வேலை அது. கீழேயிருந்து பதில் வந்தது: "தப்புதாம்மா. மன்னிச்சிரு." அன்று பத்திரிகை ஓரத்தில்: "சைக்கிளுக்கு மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டு மீட்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும். சைக்கிளும் அங்கேதான் நிற்கும். சிவப்பு."

மன்னிப்போடு நிற்கவில்லை. அவள் கேட்கக் கேட்க, கஸ்ஸானுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எந்த வாத்தியாரைப் பிடிக்காது, எந்தப் பெண்ணைப் பார்த்து நின்றான் என்பதை எல்லாம் படித்துக்கொண்டான். அவள் கொண்டுவரும், கறி அடைத்த குப்பா உருண்டை வலைப்பையில் இறங்கும். கறி கிடைக்காத அந்த வருஷங்களில் கட்சிக்காரர் வீட்டுக் குப்பா.

சப்ரியாவுக்கு வயிறு எரிந்தது. "எங்கம்மா போயி நாப்பது நாளு ஆகல, அதுக்குள்ள அவ அம்மாவாயிட்டா. இவன் எங்கம்மாவுக்காக ஒரு நாளாவது அழுதானா? எப்ப அழுவான்? மத்தியானம் இவன் அவ புள்ள" என்றாள் என்னிடம்.

"அவ வாயத் திறந்தா உன் தம்பி இல்ல."

"அதான்டீ. அதான் எரியுது."

எண்பத்தேழில் மறுபடி சோதனைக்கு வந்தார்கள். இந்த முறை கையில் கயிறும் விளக்கும். கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்க உத்தரவு. நடுப்பகல்தான். உம்மு கஸ்ஸான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. கறுப்பு அங்கியை விரித்துக் கிணற்று வாயை மூடிக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டினாள்.

"அம்மா, கொஞ்சம் நகருங்க, உத்தரவு" என்றான் வந்தவன்.

"என் புள்ளைக்காக ஓதிக்கிட்டிருக்கேன். நான் யாருன்னு தெரியுமில்ல? என்னைத் தாண்டித்தான் இறங்கணும்னா, தாண்டு."

அவன் விளக்கை அணைத்துக்கொண்டு மேலே போய்விட்டான். அவள் தன்னை முழுதாக வெறுக்கவும் விடமாட்டாள் என்பது அன்றைக்குப் புரிந்தது. சப்ரியாவே அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எண்பத்தெட்டுக் கோடையில் போர் முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து, ஓடிப்போனவர்களுக்கு மன்னிப்பு என்று வானொலியில் சொன்னார்கள். ஒரு தடவை நம்பவில்லை, பத்துத் தடவை சொன்னார்கள். வேறு தெருவில் இரண்டு பையன்கள் வெளியே வந்து, உயிரோடு இருப்பதை நாங்கள் பார்த்த பிறகுதான் சப்ரியா பலகையைத் தூக்கினாள்.

நடுப்பகலில் வந்தான். நடுப்பகல் வெளிச்சம் மட்டுமே பார்த்துப் பழகியவனுக்கு வேறு நேரத்தில் கண் தெரியாதோ என்று பயந்தோம், நடுப்பகலிலும் தெரியவில்லை. வழியெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு, எட்டுப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, முற்றத்துக்கு வந்தான். மீட்டர் பார்க்க நாள் முழுக்க நடந்த கால்கள், குச்சியாக இருந்தன. முற்றத்தில் தெருப் பெண்கள் எல்லாரும் நின்றோம். யாரும் குலவையிடவில்லை. இருபத்தொன்பது வயதுக்காரனின் தாடி நரைத்திருந்தது.

"ஷாகிர், இந்தப் பக்கம் நிழல் இருக்கு, வா" என்றாள் சப்ரியா.

அவன் திரும்பவில்லை. வானத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"ஷாகிர்! தம்பி! உன்னத்தான்."

காதில் விழாதவன் போலவே நின்றான். சப்ரியா எங்களைப் பார்த்தாள். அப்போது வாசலில் உம்மு கஸ்ஸான் வந்து நின்றாள். கையில் துணி மூடிய குப்பாத் தட்டு. வழக்கமான நேரம். அவனைப் பார்த்ததும் தட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் வேண்டுமென்று கூப்பிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன், வாய் பழகிவிட்டது.

"கஸ்ஸான்..."

"என்னம்மா" என்று திரும்பினான்.

உம்மு கஸ்ஸான் அவன் அருகே வந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண், மூக்கு, தாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் அவள் மகனுடையது இல்லை.

"இல்லப்பா" என்றாள். "அவன் செத்துட்டான். நீ ஷாகிர்."

மூன்று வருஷமாகச் 'செத்துட்டான்' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நாங்கள் கேட்டதில்லை. அங்கியை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை.

ஷாகிர் பின்னாளில் இந்தத் தொகுதிகளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். "வீட்ல இருந்தா மறுபடி மறுபடி படிச்சிடுவேன், கூஃபாக்கார அக்கா. நீங்க வச்சுக்கோங்க" என்றான். ஆனால் இது பிறகு நடந்தது. அவன் மேலே வந்த மறுநாள் நடந்ததைச் சொல்லவேண்டும். நடுப்பகல் ஆனதும் சப்ரியா எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி, கிணற்றுச் சுவரில் அவள் உட்காரும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டான். அஸர் அழைப்பு வரும்வரை உட்கார்ந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை.